பாய்லரைப் பன்னிரண்டால் வகுக்க முடியுமா?

நிறைய பேர் கேட்டிருந்தீங்க: "வீட்டுலயே ஒரு நீராவி டிராக்‌ஷன் எஞ்சின் மாடல் செய்யலாமா? எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" செய்யலாம். ஆனா யோசிக்க ஆரம்பிக்க வேண்டிய இடம் சக்கரமோ பிஸ்டனோ இல்லை, பாய்லர். ஏன்னு இன்னைக்குப் பார்ப்போம்.

முதல்ல, டிராக்‌ஷன் எஞ்சின்னா என்ன? தண்டவாளம் இல்லாமல் ரோட்டுல ஓடும் நீராவி வண்டி. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கதிரடிக்கும் மெஷினை ஓட்ட நீராவி எஞ்சின் வந்துவிட்டது. ஆனால் அந்த எஞ்சினைப் பண்ணைக்குப் பண்ணை இழுத்துப் போக குதிரைகள் வேண்டும்! 1859-இல் தாமஸ் அவெலிங் என்பவர் அப்படி ஒரு எஞ்சினின் கிராங்க்‌ஷாஃப்டிலிருந்து பின் அச்சுக்கு ஒரு செயினை மாட்டினார். எஞ்சின் தானே நகர ஆரம்பித்தது.

இதையெல்லாம் சின்னதா செய்து பார்க்கும் பழக்கமும் அங்கே பழசு. 'மாடல் எஞ்சினியர்' பத்திரிகை 1898-லயே தொடங்கியாச்சு. எல். சி. மேசன் வடிவமைத்த 'மின்னி'ங்கிற மாடல் ரொம்பப் பிரபலம். ஒரு அடிக்கு ஒரு அங்குலம், அதாவது 1:12 அளவு. நான் செய்துகிட்டு இருக்கிறதும் அதே அளவுதான்.

இப்போ விஷயத்துக்கு வருவோம். காருக்கு சேஸி இருக்கு. டிராக்‌ஷன் எஞ்சினுக்கு பாய்லர்தான் சேஸி. சிலிண்டர் அதன் முதுகில் உட்காரும், முன் அச்சு அதன் அடியில் தொங்கும். பாய்லர் கோணலானால் எல்லாமே கோணல்.

சரி, பெரிய எஞ்சினோட டிராயிங்கை எடுத்து எல்லா அளவையும் 12-ஆல் வகுத்தா போதுமா? போதாது. நெருப்பிலிருந்து வரும் சூடான புகை, பாய்லருக்குள்ளே இருக்கும் குழாய்கள் வழியாகப் போகும். இரண்டு அங்குலக் குழாயை 12-ஆல் வகுத்தால் சுமார் 4 மில்லிமீட்டர். கரி படிந்து சீக்கிரமே அடைத்துவிடும். புகைக்கும் தண்ணீருக்கும் நம்ம ஸ்கேல் தெரியாதே! அதனால் மாடலில் குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டுவார்கள்.

அடுத்தது அழுத்தம். 80 பிஎஸ்ஐ-ல ஓடும் ஒரு சின்ன பாய்லரை எடுத்துக்குவோம். உள்ளங்கை அளவுத் தகடு, 3 அங்குலத்துக்கு 3 அங்குலம். 9 சதுர அங்குலம் × 80 = 720 பவுண்ட். சுமார் 325 கிலோ! மேசை மேல வைக்கிற பொருள்ல, ஒரு உள்ளங்கை மேல ஐந்து ஆள் எடை. தட்டையான தகடு இதுக்கு வெளியே புடைச்சுக்கப் பார்க்கும். அதனால்தான் உள் தகட்டையும் வெளித் தகட்டையும் 'ஸ்டே' என்ற கம்பிகளால் இழுத்துப் பிடித்து வைக்கிறோம்.

மாடல் பாய்லருக்குப் பெரும்பாலும் செம்புதான். துருப் பிடிக்காது, சிவக்கக் காய்ச்சினால் இளகும், சுத்தியலால் தட்டி வளைக்கலாம். தட்டத் தட்ட மறுபடி விறைக்கும், மறுபடி காய்ச்ச வேண்டும். இணைப்புகளுக்கு சில்வர் சால்டர். எலக்ட்ரானிக்ஸ் சால்டர் ஏன் கூடாது? அது 183 டிகிரி செல்சியஸில் உருக ஆரம்பிக்கும். 80 பிஎஸ்ஐ நீராவியே சுமார் 162 டிகிரி. தண்ணீர் மட்டம் கொஞ்சம் இறங்கினால், நெருப்பு படும் தகடு அதைத் தாண்டி எங்கேயோ போய்விடும். சில்வர் சால்டர் உருக 600 டிகிரிக்கு மேல் வேண்டும்.

செய்து முடிச்சாச்சு. உடனே நெருப்பு மூட்டலாமா? கூடாது. முதலில் குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, காற்றை முழுக்க வெளியேற்றி, பம்பால் இரண்டு மடங்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். 80-க்கு 160. தண்ணீரை அமுக்க முடியாது என்பதால் அதில் சேரும் ஆற்றல் மிகக் குறைவு. இணைப்பு விட்டால் சொட்டும், கேஜ் முள் இறங்கும், அவ்வளவுதான். காற்றை வைத்து இதே சோதனையைச் செய்தால் அது வெடிகுண்டு. தண்ணீர்ச் சோதனை பாஸானால்தான் நீராவிச் சோதனை. முழு நெருப்பிலும் அழுத்தம் வேலை அழுத்தத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் ஏறாதபடி சேஃப்டி வால்வ் வெளியேற்றியாக வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. பிரிட்டன் கிளப்புகளில் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருப்பவரும் தன் பாய்லரைத் தானே சோதித்து சான்றிதழ் தர முடியாது. நம்ம பாஷைல சொன்னா, உன் கோடை நீயே அப்ரூவ் பண்ணாதே. ஆனா இங்கே பக் இருந்தா ரோல்பேக் கிடையாது.

நான் இருக்கிறது கோவை. லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஃப்ளைவீல், சிலிண்டர் எல்லாம் தயார். செம்புத் தகடும் வாங்கியாச்சு. "மாமா, எப்ப புகை விடும்?"னு தினமும் கேட்கிறான் அக்கா பையன், ஏழு வயசு. ஓடும்போது எல்லாரையும்விடக் கிட்ட நிற்கப் போறவன் அவன்தான். அதனால பாய்லரை வேற ஒருத்தர் கையில் கொடுத்து, என் கண் முன்னாடி 160 ஏற்றிப் பார்க்கும் வரைக்கும் நெருப்பு இல்லை. அதுவரை சிலிண்டருக்குள்ள கம்ப்ரெசர் காற்றைக் குறைந்த அழுத்தத்தில் விட்டுத்தான் எஞ்சின் ஓடும்.

நீங்களும் ஆரம்பிக்கப் போறீங்கன்னா, செம்பு வாங்குறதுக்கு முன்னாடியே உங்க பாய்லரை யார் சோதிக்கப் போறாங்கன்னு கண்டுபிடிச்சு வையுங்க. அடுத்த எபிசோடில் சில்வர் சால்டரிங் பற்றி விரிவாகப் பேசுவோம்.