கையெழுத்துப் போடும் முன்: பெண் சிறப்பு மருத்துவர்களின் உரிமைகள்

காரமடை, பெரியநாயக்கன்பாளையம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் எம்.பி.பி.எஸ். படிப்பது இன்று புதிதல்ல. ஆனால் எலும்புக்கும் இதயத்துக்கும் வைத்தியம் தேடி மேட்டுப்பாளையம் ரோட்டில் கோவைக்குப் போகும் நாம், அந்தத் துறைகளின் பெயர்ப்பலகையில் பெண் பெயரை அரிதாகத்தான் பார்க்கிறோம். திறமை இதற்குக் காரணமல்ல. "ராத்திரி கேஸ் வராத படிப்பா எடு கண்ணு" என்று வீட்டில் சொல்கிறார்கள். "குழந்தை எப்பங்க?" என்று வேலைக்கு எடுப்பவர்கள் கேட்கிறார்கள். ஐந்தரை ஆண்டு எம்.பி.பி.எஸ்., மூன்றாண்டு மேற்படிப்பு, அதற்குமேல் உயர்சிறப்புப் படிப்புக்கு இன்னும் மூன்றாண்டு என்று முடிக்கும்போது வயது முப்பதைத் தொட்டுவிடும். பிள்ளை பெறும் வயதும் அதுதான். பலர் ஒதுங்கிப்போவது இந்த இடத்தில்தான்.

ஒதுங்கத் தேவையில்லை என்கிறது சட்டம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. இந்த 26 வாரம், 1961ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தத்தால் வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே இந்தப் பயன்களை நிர்வாகம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அந்தத் திருத்தம் சொன்னது. அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

"ஒப்பந்தம் முடிந்துவிட்டது, விடுப்பு கிடையாது" என்று சொல்வதும் செல்லாது. டெல்லி ஜனக்புரி அரசு மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் சீனியர் ரெசிடென்டாக இருந்த ஒரு நோய்க்குறியியல் மருத்துவருக்கு, விடுப்பு தொடங்கிய சில நாளிலேயே ஒப்பந்தம் முடிந்தது. தீர்ப்பாயமும் உயர் நீதிமன்றமும் அவருக்கு உதவவில்லை. ஒப்பந்தக் காலத்தைத் தாண்டியும் முழுப் பயனைத் தர வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவிதா யாதவ் வழக்கு என்ற பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் மருத்துவமனைகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மாதச் சம்பளம் தராமல் 'கன்சல்டன்ட்' என்று எழுதி, கட்டணமாகத் தருவார்கள். பிறகு, நீங்கள் ஊழியரே இல்லை என்பார்கள். ஆனால் நீங்கள் ஊழியரா என்பதைத் தீர்மானிக்க, டூட்டி நேரத்தையும் விடுப்பையும் யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் வழக்கில் எடைபோடப்படும். அதனால் டூட்டி அட்டவணை, வாட்ஸ்அப் உத்தரவு, வங்கிக் கணக்கு விவரம் எதையும் அழிக்காதீர்கள்.

இதயச் சிகிச்சைக்கான கேத் லேபிலும் எலும்பு அறுவை அரங்கிலும் எக்ஸ்ரே கதிர் உண்டு. கர்ப்பத்தைத் தெரிவித்த பிறகு, மீதிக் காலம் முழுவதற்கும் கருவுக்கான கதிர் வரம்பு 1 மில்லிசீவர்ட். கதிர் அளவைப் பதியும் டோஸ் பேட்ஜும் பணி மாற்றமும் கேட்பது பாதுகாப்பு விதிப்படியான கோரிக்கை. அதைச் சலுகையாகக் காட்டி, பிறகு பதவி உயர்வில் கணக்குத் தீர்ப்பது அநியாயம்.

பாலியல் தொல்லை என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்த மருத்துவருக்கும் பயிற்சி மருத்துவருக்கும் பொருந்தும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள்ளகக் குழு கட்டாயம். சிறிய நர்சிங் ஹோம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை ஏற்கலாம்.

மகப்பேறு விடுப்பை மறுத்தாலோ அந்த நேரத்தில் வேலையை விட்டு நீக்கினாலோ தொழிலாளர் துறையிடம் போகலாம். வக்கீல் செலவை நினைத்துத் தயங்குபவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தொலைபேசி எண் 15100. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண்களுக்கு இந்த உதவி இலவசம். வருமான வரம்பு கிடையாது, மருத்துவரானாலும் கேட்கலாம்.