லெதர் ஜாக்கெட் வாங்கப் போறீங்களா? பளபளப்பை பார்த்து ஏமாறாதீங்க!

சென்னை:

பைக்கில் இருந்து சறுக்கி விழுபவர் முதலில் ஊன்றுவது கையைத்தான். அடுத்து முழங்கை, தோள்பட்டை. தார் ரோட்டில் உரசினால் காட்டன் சட்டை நொடியில் கிழிந்து போகும். அப்புறம் தேய்வது நம்ம உடம்புத் தோல். அந்த உரசலை தாங்கத்தான் லெதர் ஜாக்கெட்.

தோல் வியாபாரத்துக்கு பேர் போன பெரியமேடு பக்கம் போனால் ஜாக்கெட் கிடைக்கும். ஆனால் கடையில் தொங்குவது எல்லாம் பைக்குக்கு ஆகாது. சினிமா ஹீரோ போடுற மாதிரி மெத்தென்று இருப்பது பெரும்பாலும் செம்மறி ஆட்டுத்தோல். கனம் 1 மில்லி மீட்டர் கூட இருக்காது. கல்யாண வீட்டுக்கு போட்டுக்கலாம். பைக்குக்கு என்றே தைப்பது மாட்டுத்தோல் அல்லது எருமைத்தோல். 1.2 முதல் 1.4 மில்லி மீட்டர் வரை கனம் வேண்டும். கையில் எடுத்ததுமே வெயிட் தெரியும்.

ரெக்சினா, தோலா?

பாக்கெட் ஓரத்தையோ, கை மடிப்பையோ புரட்டிப் பாருங்க. உள்பக்கம் நார் நாராக இருந்தால் தோல். துணி ஒட்டியிருந்தால் ரெக்சின். தோல் துண்டுகளை அரைத்து, பசை போட்டு ஒட்டிய சரக்கும் 'லெதர்' என்ற பேரில் வருகிறது. கொஞ்ச நாளில் தோசை மாதிரி உரிந்து வரும்.

விழும்போது பல நேரம் தோலுக்கு முன்னால் விட்டுப்போவது தையல்தான். தோள், முழங்கையில் ரெட்டைத் தையலாவது இருக்கணும். இரண்டு பக்கமும் பிடித்து இழுங்க. இடைவெளி தெரிந்தால் வாங்க வேண்டாம்.

முழங்கை, தோள்பட்டையில் தனியாக பேட் இருக்கணும். அதில் 'இ.என். 1621' என்ற ஐரோப்பிய தர எண்ணை பாருங்க. லெவல் 1, லெவல் 2 என்று இரண்டு உண்டு. 2 கூடுதலாக அடி தாங்கும். முதுகுப் பக்கம் வெறும் ஸ்பாஞ்சை வைத்து தள்ளி விடுவார்கள், உஷார்! முழு ஜாக்கெட்டுக்கான தர எண் 'இ.என். 17092'. இதில் ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏ என்று போகப் போக பாதுகாப்பு கூடும்.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் மட்டும் போதாது. பைக்கில் உட்கார்ந்து ஹேண்டில்பாரை பிடித்துப் பாருங்க. கை மணிக்கட்டுக்கு மேலே ஏறக்கூடாது. பேட் முழங்கையை விட்டு நகரக்கூடாது. லெதர் போடப் போட இளகும் என்பதால் முதலில் உடம்போடு ஒட்டி இருப்பதே நல்லது. ஆனா மூச்சு முட்டக்கூடாது.

சென்னை வெயிலில் முடியுமா?

சித்திரை வெயிலில் சிக்னலில் நின்றால் வேர்த்துக் கொட்டும் என்பது நிஜம். சின்னச் சின்ன ஓட்டை போட்ட லெதர், வண்டி ஓடும்போது காற்று விடும். நின்றால் விடாது. நாள் முழுக்க டெலிவரிக்கு சுத்துறவங்களுக்கு பேட் வைத்த வலை ஜாக்கெட்தான் லாயக்கு. உரசலை தாங்குவதில் நல்ல லெதர் அளவுக்கு வராது. ஆனாலும் புழுக்கத்துக்கு பயந்து லெதரை வீட்டு ஆணியில் மாட்டி வைப்பதை விட இது எவ்வளவோ மேல். எதைப் போட்டாலும் ஹெல்மெட், கையுறை தனி.

மழையில் நனைந்தால் வெயிலில் காயப் போடாதீங்க, தோல் விறைத்து வெடித்து விடும். நிழலில் ஹேங்கரில் தொங்க விடுங்க. பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை பிடித்து விடும்.