சுருட்டைக் கூந்தலும் அழகின் அளவுகோலும்

மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையில் உண்டா, பூவாலும் நெய்யாலும் ஏற்படுவதா என்னும் ஐயம் பாண்டிய மன்னன் ஒருவனுக்கு எழுந்தது என்றும், அது காரணமாகச் சங்கப் புலவர் நக்கீரர் இறைவனோடே வாதாடினார் என்றும் திருவிளையாடற் கதை கூறும். அன்று மணத்தைப் பற்றி எழுந்த அவ்வினா இன்று கூந்தலின் வடிவத்தைப் பற்றியதாக மாறி நிற்கின்றது. இயற்கையிலே சுருண்டு வளரும் கூந்தல் தன்னளவில் அழகுடையதா? அன்றி, மருந்திட்டும் சூடிட்டும் நேராக்கிய பின்னர்தான் அது அழகு பெறுகின்றதா?

கண்டி மாநகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. கண்டியச் சிங்கள மணமகளின் கோலத்தைக் கண்டோர் அறிவர்: நடு வகிடு எடுத்து, மயிர் பிரியாமல் படிய வாரி, பின் கழுத்தில் கொண்டை முடித்து, நெற்றியில் பட்டம் அணிவிப்பர். பாடசாலை செல்லும் சிறுமியர் பலர் கூந்தலை இரட்டைப் பின்னலாக இறுக்கிப் பின்னிச் செல்கின்றனர். படிந்த கூந்தலே ஒழுங்கின் அடையாளம் என்றாகிவிட்ட இவ்விடங்களில், அடர்ந்து சுருண்ட கூந்தலுடைய பெண் என் செய்வாள்? உடன் படிப்போர் அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டுகின்றனர். வீட்டிலோ, சிக்கெடுக்கும் தாய் ஒவ்வொரு நாளும் அலுத்துக்கொள்கின்றாள். பத்து வயது நிரம்புமுன்னரே அச்சிறுமி தன் தலையைத் தானே வெறுக்கக் கற்றுக்கொள்கின்றாள். சிறியதெனத் தோன்றும் இவ்வெறுப்பு பின்னாளில் அவள் பணத்தையும், சில வேளைகளில் உடல் நலத்தையும் கவர்ந்துகொள்வதாகும்.

முதலில், கூந்தல் சுருள்வதன் காரணத்தை அறிதல் வேண்டும். தோலின் உள்ளே புதைந்துள்ள மயிர்க்குழியிலிருந்து ஒவ்வொரு மயிரும் வளர்கின்றது. அக்குழி நேராகவும் அதன் வாய் வட்டமாகவும் இருந்தால் மயிர் நேராக வளரும். குழி வளைந்தும் வாய் நீள்வட்டமாகவும் இருந்தால் மயிர் சுருண்டு வளரும். மயிரை ஆக்கும் கெரற்றின் என்னும் புரதத்தின் இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்து, அச்சுருளை நிலைபெறச் செய்கின்றன. பெற்றோரிடமிருந்து கண்ணின் நிறமும் மூக்கின் வடிவமும் வருவது போலவே இவ்வமைப்பும் பிள்ளைக்கு வருகின்றது. ஆதலின் சுருட்டைக் கூந்தல் நோயும் அன்று. பராமரிப்பின்மையின் விளைவும் அன்று.

அதற்குப் பயனும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் வெப்பத்தை அளக்கும் பாவை ஒன்றின் தலையில் பலவகைப் பொய்ம்மயிர்களைப் பொருத்தி நடத்திய ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டில் வெளிவந்தது. எவ்வகை மயிரும் வெயிலின் வெப்பத்தைத் தடுத்தது. எனினும் நெருங்கிச் சுருண்ட மயிரே எல்லாவற்றினும் மிகுதியாகத் தடுத்தது. வியர்வையாக நீரை இழக்காமலே மூளையைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ள அம்மயிர் உதவியது. ஆபிரிக்கக் கண்டத்தின் கடும் வெயிலில் வாழ்ந்த முன்னோருக்கு இயற்கை அளித்த குடை அது எனலாம்.

பழந்தமிழர் சுருளை இகழ்ந்தாரல்லர். கூந்தலை முடிக்கும் ஐவகைக் கோலத்தை அவர்கள் ஐம்பால் என்றனர். அவ்வைந்தாவன முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று உரையாசிரியர் விளக்குவர். சுருளுக்கு அங்கே தனியிடம் உண்டு. ஆற்றுநீர் வடிந்த பின் கருமணலில் வரிவரியாகத் தோன்றும் நெளிவுக்கு அறல் என்று பெயர். பெண்ணின் கூந்தலுக்குப் புலவர் பெரிதும் எடுத்தாண்ட உவமை அந்த அறலே ஆகும். நெளிவே இல்லாத கூந்தலுக்கு அவ்வுவமை பொருந்தாது. நிறத்தைப் பொறுத்தவரையிலும் அவர்கள் மாந்தளிரை ஒத்த மாமை நிறத்தை அழகென்று போற்றினர். மேனி வெளிறிப் பசலை படர்வதை அழகு கெட்டதன் அறிகுறியாகவே பாடினர். கண்டிக்கு வடக்கே மாத்தளை மாவட்டத்தில் உள்ள சிகிரியாக் குன்றில், 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் காலத்தில் தீட்டப்பட்ட ஓவியங்களைக் காண்போர், பொன்னிற மகளிரோடு கருநிற மகளிரும் ஒத்த அணிகலன்களோடு நிற்பதைக் காணலாம்.

அவ்வாறாயின், சுருட்டை மயிரும் கருமேனியும் இழிவென்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்கு விடை தேடுவார்க்குக் கண்டியின் வரலாறே ஒரு சான்று தருகின்றது. 1660ஆம் ஆண்டில் கண்டியரசின் கைதியான ரொபர்ட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்டியை அடுத்த எலதெத்த முதலிய ஊர்களில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூல் அக்காலக் கண்டி மக்களின் வாழ்க்கையை விரித்துரைக்கின்றது. பெண்கள் தேங்காயெண்ணெய் பூசிக் கூந்தலைப் பின்னோக்கி வாரியதை அந்நூல் குறிக்கின்றது. இரண்டாம் இராஜசிங்க மன்னனின் மெய்க்காவலைப் பற்றியும் அதில் ஒரு செய்தி உண்டு. 1664ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் தன் குடிகளிடமே ஐயம் கொண்டிருந்த அம்மன்னன், இரவில் தன் அருகே காவல் நிற்க ஆபிரிக்க வீரரையே அமர்த்தினான் என்றும், சொந்த மக்களிலும் பார்க்க அவர்களையே மிகுதியாக நம்பினான் என்றும் நொக்ஸ் எழுதினார். கண்டி மன்னனின் உயிரைக் காத்து நின்றவர் சுருட்டை முடியுடைய அக்கரிய வீரரே.

அதே காலத்தில் கரையோரத்தில் அவர்களின் நிலை வேறாக இருந்தது. போர்த்துக்கேயரும் அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும் ஆபிரிக்கரை அடிமைகளாக இலங்கைக்குக் கொணர்ந்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரித்தானியர் ஆபிரிக்கரைக் கொண்ட படைப்பிரிவு ஒன்றை அமைத்துக் கண்டியரசுக்கு எதிரான போர்களில் ஈடுபடுத்தினர். 1815இல் கண்டி வீழ்ந்தது. அவ்வீரரின் வழிவந்தோர் சிலர் இன்றும் புத்தளத்தை அடுத்து வாழ்கின்றனர். அரபு மொழியிலிருந்து போர்த்துக்கேயர் வாயிலாக வந்த காப்பிரி என்னும் சொல், தென்னாபிரிக்காவில் கொடிய வசைச் சொல்லாகிவிட்டது. இலங்கையிலோ அம்மக்கள் அதனைத் தம் இனப்பெயராகவே வழங்குகின்றனர். அரசனின் அரண்மனையில் நம்பிக்கைக்கு உரியவனாகவும், கரையோரச் சந்தையில் விலைப்பொருளாகவும் இருந்தவன் ஒரே மனிதனே. இரண்டிடத்திலும் அவன் தலைமுடி ஒன்றே. மாறியது அவனை ஆண்டவர் கையிலிருந்த அளவுகோலே ஆகும்.

கடலுக்கு அப்பால் இவ்வளவுகோல் சட்டமாகவே எழுதப்பட்டது. அமெரிக்காவின் லூசியானாப் பகுதி ஸ்பானியர் ஆட்சியில் இருந்தபோது, ஆபிரிக்க வழிவந்த பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மறைத்துக் கட்டுதல் வேண்டுமென்று 1786இல் ஆளுநர் மீரோ கட்டளை பிறப்பித்தார். அப்பெண்கள் கட்டளையை மீறவில்லை. ஆயின், பளபளக்கும் வண்ணத் துணிகளைத் தேர்ந்து, அதனையே ஓர் அணியாகக் கட்டிக்கொண்டனர். அடிமை முறை ஒழிந்த பின்னரும், நேரான கூந்தல் இல்லாதவளுக்கு நல்ல வேலையும் மதிப்பும் எட்டாதன ஆயின. எனவே பலர் எரியும் மருந்தையும் பழுக்கக் காய்ச்சிய சீப்பையும் நாடினர்.

இந்நிலையில் 1962ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 28ஆம் நாள் நியூயோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் ஓர் அரங்கேற்றம் நிகழ்ந்தது. ‘நச்சுரலி 62’ எனப் பெயர் பெற்ற அவ்விழாவில், கருமேனிப் பெண்கள் தம் கூந்தலை நேராக்காமல், இயற்கையாய் அமைந்த வண்ணமே மேடையேறினர். அவர்களைப் படம் பிடித்து உலகறியச் செய்தவர்களுள் குவாமே பிராத்வெயிட் முதன்மையானவர். ‘கறுப்பே அழகு’ என்னும் முழக்கம் அதன் பின் நாடெங்கும் பரவியது. எனினும் வேலைத்தலங்களிலும் பாடசாலைகளிலும் தடைகள் நீடித்தன. இயற்கைக் கூந்தலைக் காரணங்காட்டி எவரையும் ஒதுக்கலாகாது என்னும் சட்டத்தைக் கலிபோர்னியா மாநிலம் 2019இல்தான் இயற்றியது.

இனி, கூந்தலை நேராக்கும் முறைகளைச் சிறிது நோக்குவோம். சூட்டுக் கருவியால் நேராக்கிய கூந்தல் சில நாளே நிற்கும். கண்டியின் மழைக்கால ஈரக்காற்று பட்ட மாத்திரத்தில் அது மீண்டும் சுருளும். ஏனெனில், சூடு அசைக்கும் பிணைப்புகளை நீர் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும். கந்தகப் பிணைப்பையே அறுக்க வேண்டுமாயின் வலிய மருந்து வேண்டும். சவர்க்காரம் காய்ச்சப் பயன்படும் எரிசோடாவே அத்தகைய மருந்துகள் சிலவற்றில் உள்ள காரமாகும். கவனம் தவறினால் அது தலைத்தோலை வேகச் செய்யும். வேறு சில மருந்துகள் சூடு படும்போது போமல்டிகைட்டு வாயுவை வெளிவிடுகின்றன. உடலுறுப்புகளைக் கெடாமல் வைக்கும் போமலின் திரவத்தில் உள்ள பொருள் அதுவே. அது புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வகைப்படுத்தியுள்ளது.

2022இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கியது. கூந்தலை நேராக்கும் மருந்தைப் பயன்படுத்தாதவருள் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் காண்பவர் நூற்றுக்கு 1.64 என்றும், ஓராண்டில் நான்கு முறைக்கு மேல் பயன்படுத்தியவருள் அது நூற்றுக்கு 4.05 என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. மருந்துதான் நோய்க்குக் காரணம் என்பதை இவ்வாய்வு மட்டும் நிறுவிவிடவில்லை. ஆயினும் எச்சரிக்கைக்கு இது போதியதாகும். இவ்வளவு இடருக்குப் பின்னும் மயிர்க்குழி மாறுவதில்லை. அடுத்து முளைக்கும் மயிர் சுருண்டே முளைக்கும்.

சுருட்டைக் கூந்தலைப் பேணுவது கடினமான காரியம் அன்று. நேரான கூந்தலைப் பேணும் முறை அதற்குப் பொருந்தாது, அவ்வளவே. தலைத்தோலில் ஊறும் நெய்ப்பசை வளைவுகளைக் கடந்து மயிரின் நுனிவரை எளிதில் செல்வதில்லை. ஆகவே சுருண்ட மயிர் விரைவில் உலர்ந்து, வளைவுகளில் ஒடிகின்றது. அதனை உலர்ந்த நிலையில் சீவலாகாது. நனைத்து, எண்ணெயோ வழுவழுப்பான இலைச்சாறோ தடவி, விரல்களாலும் அகன்ற பல்லுடைய சீப்பாலும் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுத்தல் வேண்டும். செவ்வரத்தை இலையும் ஊறிய வெந்தயமும் இதற்கு உதவும். தேங்காயெண்ணெய் மயிரினுள் ஊடுருவி அதன் புரத இழப்பைக் குறைக்கும் என்பதை 2003இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நொக்ஸ் கண்ட கண்டிப் பெண்கள் ஆய்வின்றியே அதனை அறிந்திருந்தனர் போலும். பின்னலை மிக இறுக்குதல் தீது. நாள்தோறும் இழுபடும் நெற்றியோர மயிர் உதிர்ந்து, காலப்போக்கில் முளைக்காமலும் போகலாம்.

கூந்தலுக்குச் சொல்லியது மேனிக்கும் பொருந்தும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர முதலாகக் கண்டி மலைகளெங்கும், தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்களின் முகம் வெயிலில் கறுப்பது இயல்பு. மெலனின் என்னும் நிறப்பொருள் வெயிலின் தீய கதிர்களைத் தடுக்கும் பொருட்டு மிகுதியாகச் சுரப்பதே அதன் காரணம். அந்நிறத்தை அகற்றுவோம் என்று விற்கப்படும் பூச்சுகள் சிலவற்றில் பாதரசம் கலந்திருப்பதைப் பல நாட்டுச் சோதனைகள் கண்டுள்ளன. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். தென்னாசியாவெங்கும் விற்பனையான வெண்மைப் பூச்சு ஒன்றின் பெயரிலிருந்த ‘வெண்மை’ என்னும் பொருள்படும் சொல் 2020இல் நீக்கப்பட்டது. பெயர் மாறியது நன்றே. எண்ணமும் மாறுதல் வேண்டும். பருத்த உடல், மெலிந்த உடல், பிள்ளைப்பேற்றின் தழும்பு தாங்கிய உடல் ஆகிய எல்லாம் உழைத்தும் ஈன்றும் வாழ்ந்த உடல்களே. நலத்தைப் பேண உணவிலும் நடையிலும் கருத்தூன்றுதல் தகும். நாணத்தினால் உடலை ஒறுத்தல் தகாது.

தன் கூந்தலைத் தான் விரும்பியவாறு கோலஞ்செய்ய எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. நேராக்க விரும்புவோர் அதன் இடரை அறிந்து நேராக்கலாம். பிறர் நகைப்புக்கு அஞ்சி எவரும் அதனைச் செய்ய நேரலாகாது. இதற்குப் பெருஞ்சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. வகுப்பறையில் பட்டப்பெயர் எழும்போது ஆசிரியர் அதனை அன்றே தடுத்தால் போதும். மணப்பெண்ணின் சுருளை மறைக்காமல் அதன் மேலேயே பூச்சூட்டும் ஒப்பனைக்காரர் ஒருவர் ஓர் ஊருக்கு இருந்தால் போதும். எல்லாவற்றிற்கும் மேலாக, சிக்கெடுக்க அமரும் தாய், “ஏன் இப்படி ஒரு முடி?” என்று சலித்துக்கொள்ளாமல், “இது உன் பாட்டியின் முடி” என்று சொல்லி எண்ணெய் தடவினால், அச்சிறுமி தன் தலையை நிமிர்த்திக்கொண்டு பாடசாலைக்குப் போவாள்.