புரதக் குறியீடற்ற டீ.என்.ஏ பயனற்றதா?

டீ.என்.ஏ எனும் நீண்ட மூலக்கூறில் அடினைன், குவானைன், சைற்றோசைன், தைமைன் ஆகிய நான்கு மூலங்கள் எழுத்துகள் போல வரிசையாக அமைந்துள்ளன. மனிதனின் 23 நிறமூர்த்தங்கள் கொண்ட ஒரு தொகுதியில் இவ்வாறான எழுத்துகள் ஏறத்தாழ 310 கோடி. தலவாக்கலையிலோ ஹற்றனிலோ பாதையோரம் நிற்கும் தேயிலைச் செடியின் 15 நிறமூர்த்தங்களிலும் ஏறத்தாழ 300 கோடி! புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் மனிதரில் ஏறத்தாழ 20,000. தேயிலையின் முதலாவது முழு மரபுத்தொகுதி வரைவு 2017 இல் வெளியானபோது 36,951 எனக் கணிக்கப்பட்டது. இவ்விடயத்தில் செடி நம்மை முந்திவிட்டது.

மனித டீ.என்.ஏயில் அமினோவமிலங்களைக் குறிக்கும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. தேயிலையில் ஏறத்தாழ 80 சதவீதம் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். இவற்றுட் பெரும்பாலானவை தம்மைப் பிரதியெடுத்து வேறிடத்திற் புகுந்து பெருகியவை. இத்தகைய பகுதிகளுக்கு 'குப்பை டீ.என்.ஏ' என்ற பெயரை 1972 இல் சுசுமு ஓனோ எனும் விஞ்ஞானி பரப்பினார்.

அப்படியாயின் இப்பகுதியில் ஓர் எழுத்து மாறினால் தீங்கில்லை அல்லவா? நமது நாட்டிலேயே இதற்கு விடை உண்டு.

ஈமோகுளோபினின் பீற்றா சங்கிலியில் 146 அமினோவமிலங்கள் உள்ளன. ஓர் அமினோவமிலத்துக்கு மூன்று எழுத்துகள் வீதம் 438 எழுத்துகள் போதும். ஆனால் அப்பரம்பரையலகின் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துகள். இடையில் இன்ரோன் எனப்படும் இரு துண்டுகள் உள்ளன. முழுவதும் ஆர்.என்.ஏயாகப் பிரதியெடுக்கப்பட்ட பின் இன்ரோன்கள் வெட்டி அகற்றப்பட்டு மிகுதி ஒட்டப்படும். தையற்காரர் துணியில் இடும் சோக்குக் கோடு போல, எங்கே வெட்டவேண்டும் என்பதை இன்ரோனின் ஓர எழுத்துகள் காட்டுகின்றன. முதலாவது இன்ரோனின் ஐந்தாம் எழுத்தான குவானைன், சைற்றோசைனாக மாறினால் வெட்டு பெரும்பாலும் பிழையான இடத்தில் விழும். பீற்றா சங்கிலி மிகக் குறைவாகவே உருவாகும். இலங்கையிலும் இந்தியாவிலும் பீற்றா தலசீமியாவுக்கு மிகப் பொதுவான காரணம் இவ்விகாரமே. புரதத்தின் ஓர் அமினோவமிலத்தையும் குறிக்காத ஓர் எழுத்து, ஒரு பிள்ளையை வாழ்நாள் முழுவதும் குருதிப் பாய்ச்சலுக்கு உட்படுத்திவிடுகிறது.

வேறு தொழில்களும் அறியப்பட்டுள்ளன. பரம்பரையலகை எப்போது, எக்கலத்தில் தொழிற்படுத்துவது என்பதைத் தீர்மானிக்கும் ஆளிகள், நிறமூர்த்த நுனிகளைக் காக்கும் பகுதிகள், புரதமாகாமல் ஆர்.என்.ஏயாகவே பணிபுரிபவை என்பன அவை.

ஆயினும் அனைத்தும் பயனுள்ளவை என எழுதிவிட வேண்டாம். 2012 இல் 'என்கோட்' திட்டம் மனித டீ.என்.ஏயில் 80 சதவீதத்துக்கு ஏதோவொரு உயிரிரசாயனச் செயற்பாடு உண்டெனக் கூறியது. செயற்பாடு நிகழ்வது வேறு, அதனால் உயிரிக்குப் பயன் உண்டு என்பது வேறு எனப் பலர் மறுத்தனர். இம்மறுப்பு நியாயமானதே. வெங்காயத்தின் டீ.என்.ஏ மனிதனுடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. அவ்வளவும் அதற்குத் தேவையா? தேயிலை இனங்களைப் பிரித்தறிய ஆய்வாளர் திரும்பவரும் துண்டுகளைப் பயன்படுத்துவர். அது நமக்கான பயனே, செடிக்கான தொழிலன்று.

பயிற்சி: தாய், தந்தை இருவரும் தலசீமியாக் காவிகள். பிள்ளைகள் எவ்வாறு அமையலாம்?

விடை: நோய் பின்னிடைவானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நோயுறும் நிகழ்தகவு 25%, காவியாகும் நிகழ்தகவு 50%, இரண்டுமற்றிருக்கும் நிகழ்தகவு 25%. முதற்பிள்ளை நோயின்றிப் பிறந்தாலும் அடுத்த பிள்ளைக்கு இதே கணக்குத்தான். மாமன் மகள், அத்தை மகன் போன்ற உறவில் மணம் செய்வோர் இருவரும் ஒரே விகாரத்தைக் காவும் வாய்ப்பு அதிகம். ஆகவே மணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை தேவை. காவிகள் நோயாளர் அல்லர். அவர்களின் செங்குழியங்கள் சிறியவை. இரும்புச்சத்துக் குறைவிலும் அவை சிறிதாவதால் இரண்டையும் மாற்றி எண்ண இடமுண்டு. ஈமோகுளோபின் வகைகளை அளவிடும் பரிசோதனை அதனை வேறுபடுத்திக் காட்டும்.