வெளிநாட்டில் மருத்துவம் படித்தோர் சிங்கப்பூரில் சிறப்புப் பயிற்சிக்குத் தயாராவது எப்படி?

கேலாங்கில் உள்ள மருந்தகம் ஒன்றுக்கு வரும் தமிழ் ஊழியர் “நெஞ்சு கரிக்குது” என்றால் ஒரு பொருள். “நெஞ்சு அடைக்குது” என்றால் வேறு பொருள். முன்னது பெரும்பாலும் வயிற்று அமிலக் கோளாற்றைச் சுட்டும். பின்னது இதயத்தை உடனே பரிசோதிக்கச் சொல்லும். இரண்டையும் ‘நெஞ்சுவலி’ என்றே மொழிபெயர்த்துச் சொன்னால், மருத்துவருக்குப் பாதித் தகவல்தான் போய்ச் சேரும்.

இந்த வேறுபாட்டை வீட்டிலேயே கற்றுக்கொண்ட தமிழ் இளையர்களில் சிலர் இந்தியா, மலேசியா, ஆஸ்திரேலியா, பிரிட்டன் போன்ற நாடுகளில் மருத்துவம் படிக்கின்றனர். நாடு திரும்பியதும் ‘ரெசிடென்சி’ எனும் சிறப்பு மருத்துவப் பயிற்சியில் இடம் கிடைக்குமா என்பதே அவர்களின் கவலை. அந்த விண்ணப்பத்தை வலுப்படுத்தும் வேலை, பட்டம் பெற்ற பிறகு தொடங்குவதில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது.

முதலில் பட்டியல்

சிங்கப்பூரில் எந்தெந்த வெளிநாட்டுப் பட்டங்கள் செல்லுபடியாகும் என்பதை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வரையறுக்கிறது. ஒரு காலத்தில் அதில் 160 கல்லூரிகள் இருந்தன. 2020 ஜனவரி 1 முதல் அவை 103ஆகக் குறைக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் ஒன்பது கல்லூரிகள் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 112 ஆனது.

பட்டியல் மாறக்கூடியது என்பதே இதில் பெற்றோர் கவனிக்க வேண்டியது. மத்திய சேம நிதியின் கல்விக் கடன் திட்டம் உள்ளூர்ப் படிப்புகளுக்கே பொருந்தும் என்பதால், வெளிநாட்டுக் கட்டணம் பெரும்பாலும் குடும்பத்தின் கைச்சேமிப்பிலிருந்தோ வங்கிக் கடனிலிருந்தோதான் வர வேண்டும். முகவர் சொல்வதை மட்டும் நம்பாமல், கல்லூரியின் பெயரையும் வளாகத்தையும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்டுவது நல்லது.

பட்டியலில் இல்லாத கல்லூரியில் ஏற்கெனவே படித்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மன்றம் ஏற்கும் முதுநிலைத் தகுதி ஒன்றைப் பெற்று, இங்குள்ள மருத்துவமனை ஒன்றின் வேலை உறுதியுடன் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது பல ஆண்டுகள் பிடிக்கும் பாதை.

மூன்று வகைப் பதிவு

பட்டம் பெற்றவர் ஓராண்டு ‘ஹவுஸ்மேன்’ எனும் பயிற்சி மருத்துவராகப் பணியாற்ற வேண்டும். அதை இங்கே செய்பவருக்கு இடைக்காலப் பதிவு வழங்கப்படும். வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதன்பின் நிபந்தனையுடன் கூடிய பதிவு பெற்று, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் பணிபுரிந்த பிறகே முழுப் பதிவைப் பெற முடியும்.

பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகத்திடமிருந்தே நேரடியாகச் சரிபார்க்கும் ‘எபிக்’ நடைமுறையும் உண்டு. பல்கலைக்கழகம் பதில் அனுப்பத் தாமதமானால் பணி தொடங்கும் நாளும் தள்ளிப்போகலாம். எனவே அதை முன்கூட்டியே தொடங்குவது நல்லது.

வெளிநாட்டில் படிக்கும் சிங்கப்பூரர்களுக்கு எம்ஓஎச் ஹோல்டிங்ஸ் நிறுவனம் வேலைக்கு முந்திய மானியம் ஒன்றை வழங்குகிறது. கடைசி ஆண்டுகளின் கட்டணத்தில் ஒரு பகுதியை அது ஏற்கும். அதற்கு ஈடாகப் பொதுச் சுகாதாரத் துறையில் சில ஆண்டுகள் பணியாற்ற வேண்டும்.

தேர்வுக் குழு எதைப் பார்க்கிறது?

2010இல் தொடங்கிய ரெசிடென்சி திட்டத்தை சிங்ஹெல்த், தேசிய சுகாதாரப் பராமரிப்புக் குழுமம், தேசியப் பல்கலைக்கழகச் சுகாதாரக் கட்டமைப்பு ஆகிய மூன்றும் நடத்துகின்றன. குடும்ப மருத்துவத்திற்கு மூன்று ஆண்டுகள், பொது அறுவைச் சிகிச்சைக்கு ஐந்து ஆண்டுகள் எனத் துறைக்கேற்பக் காலம் மாறும்.

மதிப்பெண்ணால் மட்டும் ஆளை எடைபோடும் வழக்கம் மற்ற நாடுகளிலும் தளர்ந்து வருகிறது. அமெரிக்க உரிமத் தேர்வின் முதல் கட்டம் 2022 ஜனவரி முதல் தேர்ச்சி அல்லது தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது.

உள்ளூர் மாணவரை இங்குள்ள மூத்த மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் பார்த்திருப்பார்கள். வெளிநாட்டுப் பட்டதாரிக்கு இல்லாதது அந்த அறிமுகம்தான். அதை ஈடுகட்டச் சில வழிகள் உள்ளன.

படிக்கும்போதே விடுமுறையில் இங்குள்ள பொது மருத்துவமனை ஒன்றில் ‘இலெக்டிவ்’ எனும் விருப்பப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ அதிகாரிகளின் பணியிடங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை மாறும். விரும்பும் துறையிலேயே ஒரு சுற்று கேட்டுப் பெறலாம். பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, இரவுப் பணியில் உடனிருந்து வேலையைப் பார்த்தவரிடம் கேட்பது பயன் தரும். அரைகுறையாக நிற்கும் ஐந்து ஆய்வுகளைக் காட்டிலும், முடித்துக் காட்டிய ஒரு சிறிய தர மேம்பாட்டுப் பணி நேர்காணலில் உறுதியாகப் பேசக் கைகொடுக்கும்.

கேலாங் கற்றுத் தருவது

வெளிநாட்டு ஊழியர்களுக்காக 2006இல் நிறுவப்பட்ட ஹெல்த்சர்வ் அமைப்பின் தொடக்கக்காலச் சேவை கேலாங்கில்தான் வேரூன்றியது. இத்தகைய இடங்களில் தமிழ் பேசும் தொண்டூழியர்களுக்கு எப்போதும் வேலை இருக்கும். பதிவு பெறாத பட்டதாரி அங்கு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்கவோ மருந்து எழுதித் தரவோ சட்டம் அனுமதிக்காது. பெயர் பதிவது, மொழிபெயர்ப்பது, வரிசையில் காத்திருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது ஆகியவற்றைச் செய்யலாம்.

விண்ணப்பத்தில் ஒரு வரி கூட்டுவதற்காக இரண்டு வாரம் போய்விட்டு நிறுத்துவது நேர்காணலில் எளிதில் தெரிந்துவிடும். ஓராண்டு தொடர்ந்து சென்றவரிடம் சொல்வதற்குக் கதைகள் இருக்கும். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருப்பதால் மருத்துவ விடுப்பு வேண்டாம் என்று கெஞ்சும் ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பாடநூல் முழுமையாகக் கற்றுத் தருவதில்லை.

இடம் கிடைக்காவிட்டால்?

முதல் முயற்சியில் இடம் கிடைக்காதது முடிவல்ல. மருத்துவ அதிகாரியாகப் பணியைத் தொடர்ந்தபடியே மறுபடியும் விண்ணப்பிக்கலாம். குடும்ப மருத்துவத்தில் ஈராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய ‘ஹெல்தியர் எஸ்ஜி’ திட்டத்திற்குப் பிறகு, குடியிருப்புப் பேட்டைகளின் மருந்தகங்களிலும் கேலாங் பலதுறை மருந்தகம் போன்ற இடங்களிலும் குடும்ப மருத்துவரின் பொறுப்பு கூடியிருக்கிறது.

அங்கே எதிரில் அமரும் தாத்தா “நெஞ்சு அடைக்குது” என்று சொல்லும்போது, அதைச் சொன்னபடியே புரிந்துகொள்ளும் மருத்துவர் தேவைப்படுகிறார். அந்த நாற்காலியில் பிள்ளையைப் பார்க்க விரும்பும் பெற்றோர், கல்லூரிக்கு முதல் தவணை கட்டும் முன் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பார்க்கட்டும்.