எல்.இ.டி. விளக்குகளுக்கு மின்சாரம் எங்கிருந்து?

ஆர்டுயினோ என்னும் சிறிய மின்னணுப் பலகை, இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2005ஆம் ஆண்டு மாணவர்களுக்காக உருவானது. அது இன்று நம் அறிவியல் கண்காட்சி மேசைக்கும் வந்துவிட்டது. அதைக் கொண்டு நாம் முதலில் செய்து பார்ப்பது ஓர் எல்.இ.டி. விளக்கை மின்னச் செய்வதுதான். ஒன்று எரிந்ததும் ஆசை விடுமா? பத்து, இருபது, அறுபது என்று விளக்குகள் பெருகுகின்றன. தொல்லையும் அங்கேதான் தொடங்குகிறது. வெண்மையாய் ஒளிர வேண்டியவை மஞ்சளாகின்றன. பலகை தானாக நின்று மறுபடி தொடங்குகிறது. நிரலில் பிழையோ என்று தேடத் தோன்றும். பிழை பெரும்பாலும் அங்கில்லை, தோழியரே! விளக்குகளுக்குப் பசி!

பலகையின் வேலை கட்டளையிடுவது, உணவளிப்பதன்று. யூனோ பலகையின் ஒரு முனையிலிருந்து 20 மில்லி ஆம்பியர் வரை எடுப்பதே நல்லது. 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. எல்லா முனைகளும் சேர்ந்து 200ஐ மீறலாகாது. சிவப்பு விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். முனை தருவதோ 5 வோல்ட். மீதி 3 வோல்ட்டை ஏற்க இடையில் ஒரு மின்தடை வேண்டும். நாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதி இங்கே கைகொடுக்கிறது. 220 ஓம் வைத்தால், 3ஐ 220ஆல் வகுக்க, சுமார் 14 மில்லி ஆம்பியர். கண்ணுக்கு அதுவே தாராளம்.

வண்ணம் மாறும் விளக்குப் பட்டையின் கதை வேறு. அதன் ஒவ்வொரு விளக்கினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று சிறு விளக்குகள் உள்ளன. மூன்றும் முழு ஒளியில் எரிந்து வெண்மை தரும்போது, டபிள்யு.எஸ். 2812பி வகையில் ஒரு விளக்கு 60 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அறுபது விளக்குக்கு 3.6 ஆம்பியர்! கணினியின் யு.எஸ்.பி. வழியாகப் பலகைக்கு வருவது அரை ஆம்பியர் அளவே. எனவே பட்டைக்கென்று 5 வோல்ட், 4 ஆம்பியர் அடாப்டர் தேவை. ஆம்பியர் கூடுதலாக இருந்தால் விளக்கு கருகிவிடுமோ என்று பெற்றோர் அஞ்ச வேண்டாம். அது தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும். வோல்ட் கூடினால்தான் ஆபத்து.

அடாப்டரின் எதிர்முனையையும் பலகையின் கிரவுண்ட் முனையையும் ஒரு கம்பியால் இணைக்க மறக்கலாகாது. மலையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து அளக்கிறோம் அல்லவா? அதுபோல் பலகைக்கும் பட்டைக்கும் பொதுவான ஓர் அடிமட்டம் வேண்டும். இல்லையேல் கட்டளை புரியாமல் விளக்குகள் மனம்போன போக்கில் எரியும்.

மாடித் தொட்டியின் நீர் கடைசிக் குழாயில் நூலாய் வடிவதை விடுதித் தோழியர் அறிவர். நீண்ட பட்டையிலும் அப்படியே. வழியிலேயே வோல்ட் குறைவதால், சுமார் 3 வோல்ட் கேட்கும் நீலமும் பச்சையும் கடைக்கோடியில் மங்குகின்றன. சிவப்பு மட்டும் தாக்குப்பிடிக்கிறது. வெண்மை மஞ்சளாகும் மர்மம் இதுவே! பட்டையின் இரு முனைகளிலும் தடித்த கம்பியால் மின்சாரம் கொடுத்தால் சரியாகும். மெல்லிய கம்பியோ சூடேறும். எரிந்துகொண்டிருக்கும்போதே தொட்டுப் பார்ப்பது நல்லது.

பெரிய அடாப்டர் வாங்க வசதியில்லையா? நிரலில் ஒளியைப் பாதியாக்கினால் மின்னோட்டமும் ஏறத்தாழப் பாதியாகும். அப்போது 5 வோல்ட், 2 ஆம்பியர் என்று அச்சிட்ட பழைய கைப்பேசி சார்ஜரே போதும்.