இரத்தத்தில் கலக்கும் எண்ணெய்

எண்ணெயும் தண்ணீரும் கலவா என்பது அடுப்பங்கரையிலேயே நாம் கற்ற பாடம். அப்படியிருக்க, இரத்தக் குழாயினுள் சோயா எண்ணெயைச் செலுத்துகிறார்கள் என்றால் வியப்பாக இல்லையா? அதுவும் ஒரு கிலோ எடைகூட இல்லாத குறைமாதக் குழந்தைக்கு!

கருவிலுள்ள குழந்தை கொழுப்பைச் சேமிப்பது பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான். நிறைமாதக் குழந்தையின் எடையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு கிலோவுக்கும் குறைவாகப் பிறந்த குழந்தையிடமோ நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே இருக்கும். குடலும் முதிர்ந்திராது, தாய்ப்பாலைச் சிறிது சிறிதாகத்தான் கூட்ட முடியும். அதுவரை சர்க்கரைக் கரைசல் மட்டும் போதாதா?

போதாது. கொழுப்பே இல்லாத உணவைத் தின்ற எலிகள் நோயுற்றதை அமெரிக்காவின் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் 1929இல் காட்டினர். லினோலியிக் அமிலம், லினோலெனிக் அமிலம் இரண்டையும் நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. குறைமாதக் குழந்தையின் கையிருப்பு சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அப்போது இரத்தத்தில் ‘மீட் அமிலம்’ தலைதூக்கும். வேறு வழியின்றி ஒலியிக் அமிலத்தைக் கொண்டு உடல் செய்யும் மாற்றுச் சரக்கு அது. மருத்துவர்க்கு அதுவே அபாய அறிவிப்பு.

எண்ணெயை அப்படியே ஏற்றினால் துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். ஸ்வீடனின் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை அரை மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக்கி, முட்டை மஞ்சட்கருவின் லெசித்தினால் போர்த்தினார். 1960களின் தொடக்கத்தில் ‘இன்ட்ராலிப்பிட்’ பிறந்தது. பார்வைக்குப் பால்தான்! ஆனால் வேகமாக ஏற்றலாகாது. நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாகவே செல்ல வேண்டும்.

சிக்கல் தீர்ந்ததா? பாதிதான். சோயா எண்ணெயில் சுமார் பாதி லினோலியிக் அமிலம். ஆகவே குழந்தையின் இரத்தத்தில் அது ஏறுகிறது. மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய அராக்கிடோனிக் அமிலமும் டி.எச்.ஏ.யும் இறங்குகின்றன. கருவில் இவ்விரண்டையும் நஞ்சுக்கொடி தேர்ந்தெடுத்துத் தந்துகொண்டிருந்தது. சோயாவில் அவை இல்லை. குழந்தை தானே செய்துகொள்வதும் மிக மெதுவாகத்தான். நூல் குவிந்து கிடக்கிறது, நெசவு நடக்கவில்லை!

மீன் எண்ணெய் சேர்த்த கலவைகள் பின்னர் வந்தன. டி.எச்.ஏ. உயர்ந்தது, ஆனால் அராக்கிடோனிக் அமிலம் மேலும் தாழ்ந்தது. ஒன்றைத் தூக்கினால் மற்றொன்று சரிகிறது. 28 வாரத்துக்கு முன்பே பிறந்த குழந்தைகளுக்கு ஸ்வீடனில் இரண்டையும் சேர்த்து வயிற்றுக்கே கொடுத்துப் பார்த்தனர். கடுமையான விழித்திரை நோய் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததென்று 2021இல் முடிவு வெளியாயிற்று. தாய்ப்பாலில் இவ்விரண்டும் இயல்பாகவே உண்டு. சிரையில் எண்ணெய்ப் பால் ஓடிக்கொண்டிருக்கும்போதே முதல் நாட்களிலிருந்து சில துளித் தாய்ப்பாலையும் புகட்ட மருத்துவர்கள் முயல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.